லினக்ஸ் கெர்னல் தொகுப்பில் வரும் அமைவுப் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) அதன் மூல நிரலிலிருந்து சொந்தமாகத் தொகுக்க உட்காருகிறவர்கள் இடறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. நான் பார்த்தவரை, நிரலில் உள்ள பிழையால் தொகுப்பு நின்றுபோவது அரிது. அமைவில் உள்ள கோளாறால் நிற்பதே வழக்கம். அந்தக் கோளாறுகளைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை. கட்டளைகளும் தெரிவுகளின் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் உள்ளன. முனையத்தில் அவற்றின் ஆங்கில வடிவத்தைத்தான் தட்ட வேண்டும்.

.கான்ஃபிக் கோப்பை எடிட்டரில் திறந்து ஒரு வரியை மாற்றினேன். தொகுக்கத் தொடங்கியதும் அது பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கும் அந்தக் கோப்பை ஒரு விண்ணப்பம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எழுதியதை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் கெர்னலுக்கு இல்லை.

மூல நிரலின் கோப்புறைகள் நெடுக கேகான்ஃபிக் என்ற பெயரில் விதிக் கோப்புகள் இருக்கின்றன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகளும், எந்தத் தெரிவு எதைச் சார்ந்தது, எது எதை இழுத்துக்கொண்டு வரும் என்பதும் அவற்றில்தான் எழுதப்பட்டுள்ளன. தொகுப்பை நடத்தும் 'மேக்' கட்டளையைக் கொடுத்ததும், உங்கள் .கான்ஃபிக் அந்த விதிகளோடு ஒப்பிடப்படுகிறது. விதிக்குப் பொருந்தாத வரி நீக்கப்பட்டு, கோப்பு புதிதாக எழுதப்படுகிறது. பல நேரங்களில் ஓர் எச்சரிக்கைகூட வராது. சத்தமில்லாமல் நடக்கும் இந்தத் திருத்தம்தான் பாதிக் குழப்பங்களுக்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு. பிழைநீக்கத் தகவலை அணைப்பதற்காக 'டீபக் இன்ஃபோ' என்ற தெரிவைத் தேடிப் பிடித்து 'இல்லை' என்று மாற்றுவார்கள். புதிய பதிப்புகளில் அந்தத் தெரிவை நேரடியாகத் தொட முடியாது. 'எதுவும் வேண்டாம்', 'கம்பைலரின் இயல்பு வடிவம்', 'ட்வார்ஃப் 4', 'ட்வார்ஃப் 5' என்று ஒரு பட்டியல் இருக்கிறது (ட்வார்ஃப் என்பது பிழைநீக்கத் தகவலின் ஒரு வடிவம்). அதில் முதலாவதைத் தவிர எதைத் தேர்ந்தாலும் 'டீபக் இன்ஃபோ' தானாக உயிர் பெற்றுவிடும். மாற்ற வேண்டியது 'டீபக் இன்ஃபோ நன்' என்ற தெரிவை.

இன்னொரு பொறி: கோப்பில் '# கான்ஃபிக் இன்னது இஸ் நாட் செட்' என்று வரும் வரிகள். முதலில் உள்ள குறியைப் பார்த்து, இது வெறும் குறிப்புரை என்று அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அது குறிப்புரையே இல்லை; 'வேண்டாம்' என்ற பதில். அதை அழித்தால் கேள்வி பதிலளிக்கப்படாததாக மாறும். இயல்பு மதிப்பு 'வேண்டும்' என்றிருந்தால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கையால் திருத்துவதற்குப் பதிலாக, மூல நிரலோடு வரும் 'ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக்' என்ற சிறு கருவியைப் பயன்படுத்துங்கள். 'எனேபிள்', 'டிஸேபிள்', 'மாட்யூல்', 'செட்-எஸ்டிஆர்' ஆகிய நான்கு சொற்களில் வேலை முடிந்துவிடும். அதுவும் விதிகளைச் சரிபார்ப்பதில்லை என்பதால், அடுத்து 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுக்க வேண்டும். பிறகு, கோப்புக்குள் ஒரு சொல்லைத் தேடும் 'கிரெப்' கட்டளையைப் போட்டு உங்கள் தெரிவு கோப்பில் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நான் உட்பட.

திரையில் கடைசியாக 'எர்ரர் 2' என்று மட்டும் நிற்கிறது. உண்மையான பிழை எங்கே?

மேலே. சில நேரம் ஐந்நூறு வரிகளுக்கு மேலே.

பல செயலிக் கருக்களில் ஒரே சமயத்தில் தொகுக்கும்போது, ஒரு வேலை தோற்றாலும் ஏற்கெனவே தொடங்கிய மற்ற வேலைகள் முடியும் வரை ஓடும். அவற்றின் வரிகள் உண்மையான பிழையைப் புதைத்துவிடும். 'எர்ரர் 2' என்பது உள்ளே ஓடிய 'மேக்' தோற்றதை வெளியே இருக்கும் 'மேக்' சொல்லும் விதம். அதில் செய்தி ஏதும் இல்லை. வெளியீட்டை 'டீ' கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமித்து, அதில் 'எர்ரர்' என்ற சொல் முதன்முதலாக வரும் இடத்தைத் தேடுங்கள். அல்லது மீண்டும் ஒரே ஒரு வேலையாக, '-ஜே1' என்று ஓட்டுங்கள். முடிந்த கோப்புகள் மறுபடி தொகுக்கப்படுவதில்லை என்பதால் நேராகப் பிழையில் போய் நிற்கும். என்ன கட்டளை ஓடுகிறது என்பதையும் பார்க்க 'வி=1' சேர்த்துக்கொள்ளலாம்.

'எர்ரர் 127' வந்தால் மட்டும் தேடவே வேண்டாம். கேட்ட நிரல் கணினியில் இல்லை என்று ஷெல் சொல்லும் எண் அது.

என்னென்ன கருவிகள் இல்லாவிட்டால் என்னென்ன பிழைகள் வரும்?

தெரிவுகளை மெனுவாகக் காட்டும் 'மெனுகான்ஃபிக்' திறக்க மறுத்தால் என்கர்சஸ் நூலகத்தின் ஹெடர் கோப்புகள் இல்லை என்று பொருள். அதற்கும் முன்பே, அமைவுக் கட்டத்தின் தொடக்கத்திலேயே தடுக்கி விழுந்தால் ஃப்ளெக்ஸ் அல்லது பைசன் இல்லை. 'டைம்கான்ஸ்ட்' என்ற பெயருள்ள கோப்பை உருவாக்கும்போது நின்றால் பிசி என்ற கணக்கிடும் நிரல் இல்லை. அவ்வளவு பெரிய கெர்னல் ஒரு பழைய கால்குலேட்டருக்காகக் காத்து நிற்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது. 'ஜிஎல்ஃப்.ஹெச்' காணவில்லை அல்லது 'ஓஆர்சி' தகவலை உருவாக்க முடியவில்லை என்றால் லிப்எல்ஃப். 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்று தொடங்கும் ஹெடரைக் காணவில்லை என்றால் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் மேம்பாட்டுப் பேக்கேஜ்.

கவனிக்க வேண்டியது 'மேம்பாட்டுப் பேக்கேஜ்' என்ற சொல்லை. நூலகம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறதே என்று பலர் வாதிடுவார்கள். நிரல்கள் ஓடுவதற்கான நூலகம் இருக்கும். தொகுப்பதற்கான ஹெடர்கள் தனியே வர வேண்டும். டெபியன் வழி வந்தவற்றில் பெயரின் இறுதியில் 'டெவ்' என்றும், ஃபெடோரா வழி வந்தவற்றில் 'டெவெல்' என்றும் இருக்கும்.

'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று சொல்லி, நான் கேள்விப்படாத ஒரு சான்றிதழ்க் கோப்பைக் கேட்கிறது. அது எங்கே கிடைக்கும்?

உங்களுக்குக் கிடைக்காது, தேடவும் வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் அமைவுக் கோப்பை பூட் கோப்புறையிலிருந்து நகலெடுத்து வந்திருப்பீர்கள். நல்ல பழக்கம்தான். அந்த அமைவு உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு, ஃபெடோரா போன்றவை) பொறியாளர்கள் தங்கள் தொகுப்புக் கணினியில் பயன்படுத்தியது. மாட்யூல்களின் (பின்னர் கெர்னலில் ஏற்றப்படும் தனித் துண்டுகளின்) கையொப்பத்தைச் சரிபார்க்கத் தங்கள் சான்றிதழை கெர்னலுக்குள் பதித்துவைக்கிறார்கள். அதன் பாதையும் அமைவில் எழுதப்பட்டிருக்கிறது. உபுண்டுவில் அது டெபியன் கோப்புறைக்குள் 'கெனானிக்கல்-செர்ட்ஸ்.பெம்' என்று இருக்கும். நீங்கள் இறக்கிய மூல நிரலில் அந்தக் கோப்புறையே இல்லை. 'மேக்' தேடுகிறது, கிடைக்கவில்லை, அதை எப்படி உருவாக்குவது என்ற விதியும் இல்லை. அதைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது.

'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்ற தெரிவின் மதிப்பை 'செட்-எஸ்டிஆர்' கொண்டு வெற்று மேற்கோளாக்கிவிடுங்கள். உபுண்டு அமைவாக இருந்தால் 'சிஸ்டம் ரெவகேஷன் கீஸ்' என்பதையும் சேர்த்துச் செய்யுங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, அதே பிழை வேறு கோப்புப் பெயரோடு வருவதைக் கவனிக்காமல், மாற்றம் வேலை செய்யவில்லை என்று கை விடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். 'மாட்யூல் சிக் கீ' என்பதைத் தொடாதீர்கள். அது இயல்பு மதிப்பிலேயே இருந்தால், தொகுக்கும்போது உங்களுக்கென்று ஒரு புதிய சாவி தானாக உருவாக்கப்படும்.

கையொப்பமிட்ட நிரலை மட்டுமே துவங்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், இப்படித் தொகுத்த கெர்னலை உங்கள் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு அந்தச் சாவியைக் கணினியில் பதிவு செய்யும் வரை அது துவங்காது. தொகுப்புப் பிழையோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் முடிந்து கடைசி நிமிடத்தில் 'பிடிஎஃப்', 'பாஹோல்' என்று ஏதோ சொல்லி நின்றுவிட்டது.

மனம் நொந்துபோகும் இடம் இது. எல்லாக் கோப்புகளும் தொகுக்கப்பட்டு, விஎம்லினக்ஸ் என்ற முழு உருவை இணைக்கும் கட்டத்தில்தான் பாஹோல் தேவைப்படுகிறது. அது ட்வார்வ்ஸ் என்ற பேக்கேஜில் இருக்கிறது. பிழைநீக்கத் தகவலைச் சுருக்கி, பிடிஎஃப் என்ற வடிவில் கெர்னலுக்குள் வைப்பது அதன் வேலை.

உங்கள் கணினியில் இபிபிஎஃப் நிரல்களை (கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்களை) பயன்படுத்துவதாக இருந்தால் ட்வார்வ்ஸை நிறுவுங்கள். இல்லையென்றால் 'டீபக் இன்ஃபோ பிடிஎஃப்' தெரிவை அணைத்துவிடலாம். பாஹோல் இருந்தும் பிழை வருகிறதென்றால் பெரும்பாலும் பதிப்புப் பொருத்தமின்மை: புதிய கெர்னலுக்குப் பழைய பாஹோல், அல்லது பழைய நிலைத்த கெர்னலுக்கு மிகப் புதிய பாஹோல். இரண்டாவது வகை பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஒரு தெரிவு இருக்கிறது என்று ஆவணத்தில் படித்தேன். மெனுகான்ஃபிக்கில் எங்கு தேடியும் காணோம்.

மெனுவைப் பக்கம் பக்கமாகப் புரட்டாதீர்கள். சாய்கோட்டு விசையை அழுத்தி, பெயரைத் தட்டுங்கள். தேடல் முடிவில் அந்தத் தெரிவின் இப்போதைய மதிப்பு, அது எந்த மெனுவில் இருக்க வேண்டும், எதைச் சார்ந்தது, எது அதை இழுத்து வருகிறது என எல்லாம் தெரியும். சார்பு வரியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் மதிப்பும் சதுர அடைப்புக்குள் இருக்கும். 'என்' (வேண்டாம்) என்று போட்டிருக்கும் பெயர்தான் உங்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது. அதைத் தேடுங்கள், அதற்கும் ஒரு சார்பு இருக்கலாம், அதையும் தேடுங்கள். முடிவின் இடப்பக்கம் அடைப்புக்குள் ஓர் எண் இருந்தால், அந்த எண்ணை அழுத்தினால் நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

மூன்று வகைத் தெரிவுகள் தேடலில் வந்தாலும் மெனுவில் வராது. சார்பு நிறைவேறாதது முதல் வகை. மெனுவில் காட்டுவதற்கான வாசகமே எழுதப்படாதது இரண்டாவது. அது வேறு தெரிவுகள் இழுத்தால் மட்டுமே வரும், உங்களால் நேரடியாகத் தொட முடியாது. மூன்றாவது சற்று நுட்பமானது: உங்கள் கம்பைலரையே சார்ந்த தெரிவு. 2018-ல் வந்த 4.18 பதிப்பிலிருந்து, அமைவுக் கட்டத்திலேயே கம்பைலரை ஓட்டிப் பார்த்து, இந்த வசதி உனக்கு உண்டா என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. இல்லையென்றால் அந்தத் தெரிவு மறைந்துவிடும். ரஸ்ட் நிரல்மொழிக்கான ஆதரவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 6.1 பதிப்பில் அது கெர்னலுக்குள் வந்தது. தகுந்த ரஸ்ட் கம்பைலரும் பைண்ட்ஜென் என்ற துணைக் கருவியும் இல்லாத கணினியில் அப்படி ஒரு தெரிவு இருப்பதே தெரியாது. 'மேக் ரஸ்ட்அவைலபிள்' கொடுத்தால், எது குறைகிறது என்று சொல்லும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஒரு கணினியில் ஜிசிசி கம்பைலர் கொண்டு அமைத்துவிட்டு, இன்னொன்றில் கிளாங் கம்பைலர் கொண்டு தொகுத்தால் அமைவு மாறிவிடும். கிளாங்கைப் பயன்படுத்தச் சொல்லும் 'எல்எல்விஎம்=1' என்பதை அமைக்கும்போதும் தொகுக்கும்போதும் இரண்டு முறையும் கொடுக்க வேண்டும்.

'ஒய்' என்று வைக்க விரும்புகிறேன். 'எம்' மட்டுமே ஏற்கிறது. என்ன செய்வது?

'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே பதிவது, 'எம்' என்றால் மாட்யூல். நீங்கள் மாற்ற விரும்பும் தெரிவு சார்ந்திருக்கும் ஏதோ ஒன்று மாட்யூலாக இருக்கிறது. கெர்னலுக்குள்ளேயே பதிந்த ஒரு பகுதி, பின்னால் எப்போதோ ஏற்றப்படப்போகும் மாட்யூலின் செயற்கூறை அழைக்க முடியாது. அந்த முகவரி அப்போது இருக்காது. அதனால் சார்பின் மதிப்பு எதுவோ அதற்கு மேல் போக விதி அனுமதிப்பதில்லை. அடியில் இருப்பதை முதலில் 'ஒய்' ஆக்குங்கள்.

'அன்மெட் டைரக்ட் டிபெண்டென்ஸிஸ்' என்று எச்சரிக்கிறது, ஆனால் தொகுப்பு தொடர்கிறது. விட்டுவிடலாமா?

விட்டுவிட்டால் பெரும்பாலும் இணைப்புக் கட்டத்தில் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

கேகான்ஃபிக் மொழியில் இரண்டு உறவுகள் உண்டு. 'டிபெண்ட்ஸ் ஆன்' என்பது அனுமதி கேட்பது: அது இருந்தால்தான் நான் இருப்பேன். 'செலக்ட்' என்பது கையைப் பிடித்து இழுப்பது: நான் இருந்தால் நீயும் வா. இழுக்கும்போது, இழுக்கப்படுகிறவரின் சொந்தச் சார்புகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று 'செலக்ட்' பார்ப்பதில்லை. கெர்னலின் சொந்த ஆவணமே இதைக் கவனமாகப் பயன்படுத்தச் சொல்கிறது. அப்படி அடித்தளம் இல்லாமல் ஒரு தெரிவு இயங்கத் தொடங்கும்போது வருவதுதான் இந்த எச்சரிக்கை.

செய்தியில் மூன்று பகுதிகள் இருக்கும்: எந்தத் தெரிவு, அது எதைச் சார்ந்தது, யார் அதை இழுத்தது. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. சார்பை இயக்குங்கள், அல்லது இழுத்தவரை அணையுங்கள். மாற்றப்படாத கெர்னலில் இது வந்தால் கேகான்ஃபிக் விதியிலேயே ஓட்டை இருக்கிறது என்று பொருள். பிழை அறிக்கை அனுப்புவது நியாயம். வெளியிலிருந்து ஒட்டிய ஒட்டுக் கோப்பால் வந்தால், அதை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று லிங்கர் சொல்கிறது. மாட்போஸ்ட்டும் அதுபோலவே 'அன்டிஃபைன்ட்' என்கிறது. இரண்டும் ஒன்றா?

நோய் ஒன்று, இடம் வேறு. முதலாவது கெர்னல் உருவை இணைக்கும்போது வருகிறது. இரண்டாவது மாட்யூல்களைச் சரிபார்க்கும்போது. ஒரு செயற்கூறு அழைக்கப்படுகிறது, அதன் உடலைக் காணவில்லை.

பெயரை எடுத்துக்கொண்டு மூல நிரலில் 'கிரெப்' செய்யுங்கள். அது எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு, அதே கோப்புறையின் மேக்ஃபைலில் அந்தக் கோப்பு எந்தத் தெரிவோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இப்போது .கான்ஃபிக்கில் அந்தத் தெரிவு 'என்' ஆக இருந்தால் கதை முடிந்தது. 'எம்' ஆக இருந்து, அழைக்கிறவர் 'ஒய்' ஆக இருந்தாலும் முடிந்தது. 'ஒய்', 'எம்' பற்றிய பதிலில் சொன்ன விதியை 'செலக்ட்' தாண்டிப் போனதால் விளையும் கோளாறு இது. நிரலில் 'இஸ் எனேபிள்ட்' என்று மட்டும் சோதித்துவிட்டு அழைக்கும்போதும் இது நடக்கும். ஏனெனில் 'எம்' ஆக இருந்தாலும் அந்தச் சோதனை ஆம் என்றே சொல்லும். அந்தச் சிக்கலுக்கென்றே 'இஸ் ரீச்சபிள்' என்ற வேறொரு சோதனை இருக்கிறது.

மாட்போஸ்ட்டில் மட்டும் வருகிறதென்றால் இன்னொரு காரணமும் உண்டு: செயற்கூறு கெர்னலுக்குள் இருக்கிறது, ஆனால் 'எக்ஸ்போர்ட் சிம்பல்' என்று வெளியே திறந்துவிடப்படவில்லை. இதை எந்த அமைவாலும் சரிசெய்ய முடியாது.

பழைய கெர்னலின் அமைவைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்தேன். நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்கிறது.

இரண்டு பதிப்புகளுக்கு இடையில் சேர்ந்த புதிய தெரிவுகளைப் பற்றித்தான் கேட்கிறது. 'ஓல்ட்கான்ஃபிக்' ஒவ்வொன்றாகக் கேட்கும். 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' ஒன்றும் கேட்காமல் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். பதிப்புகள் நெருக்கமாக இருந்தால் முதலாவதை உட்கார்ந்து பார்ப்பது பயன் தரும். உங்கள் கணினியின் புதிய டிரைவர் எதுவென்று கண்ணில் படும். பல ஆண்டு இடைவெளியைத் தாண்டுகிறீர்கள் என்றால் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. இருபதாவது கேள்வியில் என்டர் விசையில் விரல் ஒட்டிக்கொள்ளும், பிறகு எதற்கு என்ன பதில் சொன்னோம் என்பதே தெரியாது. அதற்கு 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' மேல்.

அதை ஓட்டும் முன் 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்' கொடுத்து புதியவற்றின் பட்டியலைச் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை எதிர்த் திசையிலும் தேவை. ஒரு தெரிவின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயர் உதிர்ந்துவிடும். புதிய பெயரின் இயல்பு மதிப்பு 'என்' ஆக இருக்கும். நேற்றுவரை வேலை செய்த சாதனம் இன்று காணாமற்போவது இப்படித்தான்.

தொகுப்பு நேரத்தைக் குறைக்க லோக்கல்மாட்கான்ஃபிக் பயன்படுத்தலாமா?

தாராளமாக. அந்த நிமிடத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை வெட்டிவிடுகிறது. ஆனால் 'அந்த நிமிடத்தில்' என்பதை மறக்கக் கூடாது. யூஎஸ்பி சேமிப்பான் செருகப்படாமல் இருந்தால் அதன் டிரைவர் போய்விடும். நான் ஒருமுறை விபிஎன் இணைப்பைத் துண்டித்துவிட்டு இதை ஓட்டினேன். புதிய கெர்னலில் துவங்கிய பிறகுதான் விபிஎன்னுக்குத் தேவையான 'டன்' என்ற மாட்யூல் இல்லாதது தெரிந்தது. பயன்படுத்தும் எல்லாச் சாதனங்களையும் செருகி, ஒரு முறை இயக்கிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். வெட்டக் கூடாத கோப்புறைகளை 'எல்எம்சி கீப்' என்ற மாறியில் கொடுக்கலாம்.

'ஆல் வார்னிங்ஸ் பீயிங் டிரீட்டட் ஆஸ் எர்ரர்ஸ்' வருகிறது. நிரலில் பிழையா?

உங்கள் கம்பைலர் கெர்னலைவிடப் புதியது என்பதே பெரும்பாலும் விடை. ஒவ்வொரு புதிய கம்பைலரும் புதிய எச்சரிக்கைகளோடு வருகிறது. 5.15 பதிப்பில் 'வெர்ரர்' என்ற தெரிவு வந்தது. எச்சரிக்கையைப் பிழையாகக் கருதச் சொல்வது அது. முதலில் எல்லோருக்கும் இயல்பாக இயக்கப்பட்டு, எழுந்த கூக்குரலுக்குப் பிறகு சோதனைத் தொகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அதை அணைத்தால் தொகுப்பு நகரும்.

எச்சரிக்கையாக இல்லாமல் உண்மையான பிழையாகவே வந்தால் அணைக்க ஒன்றுமில்லை. 2025-ல் வந்த ஜிசிசி 15 இதற்கு நல்ல சான்று. அது சி23 தரத்தை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தரத்தில் 'ட்ரூ', 'ஃபால்ஸ்', 'பூல்' மூன்றும் மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்கள். கெர்னலோ அவற்றைத் தானே வரையறுத்துவைத்திருந்தது. எந்தத் தரம் என்று சொல்லாமல் கம்பைலரை அழைத்த சில மூலைகளில், குறிப்பாகத் துவக்க நிரல் பகுதியில், பழைய கெர்னல்கள் உடைந்தன. திருத்தம் பின்னொட்டப்பட்ட நிலைத்த பதிப்புக்கு மாறுங்கள்; முடியாவிட்டால் பழைய ஜிசிசி ஒன்றை நிறுவி 'சிசி=' என்று அதைச் சுட்டுங்கள்.

'சோர்ஸ் ட்ரீ இஸ் நாட் க்ளீன்' என்று சொல்லி மிஸ்டர்பிராப்பரை ஓட்டச் சொல்கிறது. ஓட்டலாமா?

முதலில் .கான்ஃபிக்கை வேறெங்காவது நகலெடுத்துவையுங்கள். 'க்ளீன்' அமைவைத் தொடாது, 'மிஸ்டர்பிராப்பர்' .கான்ஃபிக்கையும், முந்தைய நிலையைக் காக்கும் .கான்ஃபிக்.ஓல்ட் கோப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும். கெர்னல் சொல்கிறதே என்று நம்பி ஓட்டி, ஒரு மாலைப் பொழுதின் உழைப்பை இழந்திருக்கிறேன். மூலக் கோப்புறையில் ஒருமுறை தொகுத்துவிட்டு, பிறகு 'ஓ=' என்று தனிக் கோப்புறை கொடுக்கும்போதுதான் இந்தச் செய்தி வரும். தொடக்கத்திலிருந்தே தனிக் கோப்புறை பயன்படுத்தினால் வராது.

ஏஆர்எம் பலகைக்காகத் தொகுக்கிறேன். என் அமைவு முழுவதும் எக்ஸ்86 ஆக மாறிவிட்டது!

ஏதோ ஒரு கட்டளையில், எந்தச் செயலி வகைக்கு என்று சொல்லும் 'ஆர்ச்=' சேர்க்க மறந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு முறை அதில்லாமல் 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்தாலும், இந்தக் கணினிக்கே தொகுக்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஏஆர்எம் தெரிவுகள் அனைத்தையும் கழித்துவிடும். வேறு எதையும் தட்டும் முன் .கான்ஃபிக்.ஓல்ட் கோப்பை எடுத்துவையுங்கள். அடுத்த கட்டளை அதையும் மேலெழுதிவிடக்கூடும். 'ஆர்ச்', 'கிராஸ் கம்பைல்' இரண்டையும் சூழல் மாறிகளாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் அந்த முனையம் திறந்திருக்கும் வரை கவலை இல்லை.

'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைலர் இறந்துவிடுகிறது.

நினைவகம் போதவில்லை, கெர்னலே அதைக் கொன்றுவிட்டது. '-ஜே' எண்ணைக் குறையுங்கள். வட்டில் இடமில்லை என்று வந்தால் பிழைநீக்கத் தகவலை அணையுங்கள். விநியோக அமைவில் அது இயங்கிக்கொண்டிருக்கும். தொகுப்புக் கோப்புறை பத்து ஜிபியை எளிதில் தாண்டும்.

தொகுப்பு பிழையின்றி முடிந்தது. ஆனால் துவங்கும்போது 'அன்னோன்-பிளாக்(0,0)' என்று சொல்லி உறைந்துவிடுகிறது.

இயங்குதளத்தின் ரூட் கோப்பு முறைமை இருக்கும் வட்டை கெர்னலால் பார்க்கவே முடியவில்லை. வட்டின் டிரைவரும் கோப்பு முறைமையின் டிரைவரும் மாட்யூல்கள். அந்த மாட்யூல்கள் இருப்பதோ அந்த வட்டுக்குள். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. இதை உடைக்கத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிகக் கோப்பு முறைமை முதலில் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். 'மாட்யூல்ஸ் இன்ஸ்டால்' ஓட்டினீர்களா? அதற்குப் பிறகு இந்தப் பதிப்புக்கான இனிட்ராம்எஃப்எஸ் உருவானதா? துவக்கி நிரலின் மெனுவில் அது குறிப்பிடப்பட்டுள்ளதா? அது ஸெட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கப்பட்டிருந்தால் 'ஆர்டி ஸெட்எஸ்டிடி' தெரிவு 'ஒய்' ஆக இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில் தோற்றவர்கள் மற்ற எல்லாவற்றையும் பத்து முறை சரிபார்த்திருப்பார்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் வேண்டாம் என்றால், என்விஎம்இ வட்டும் எக்ஸ்ட்4 முறைமையும் உள்ள கணினியில் அந்த இரண்டு டிரைவர்களையும் 'ஒய்' ஆக்கினால் பெரும்பாலும் போதும். 'டெவ்டிஎம்பிஎஃப்எஸ்' தெரிவையும் மறக்காதீர்கள். கணினியின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அது இல்லாமல் எழாது. மாறாக, இனிட்ராம்எஃப்எஸ் மிகப் பெரிதாகி பூட் பகுதியையே நிரப்பிவிடுகிறதென்றால், மாட்யூல்களுக்குள் பிழைநீக்கத் தகவல் அப்படியே இருக்கிறது; நிறுவும்போது 'இன்ஸ்டால் மாட் ஸ்டிரிப்=1' கொடுங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே முறைதானா?

இல்லை. ஃப்ரீபிஎஸ்டி வேறொரு இயங்குதளம். அங்கே ஜெனரிக் என்ற ஒற்றை உரைக் கோப்புதான் தொடக்கம். அதை நகலெடுத்து முழுவதும் திருத்துவதைவிட, உங்கள் கோப்பின் முதல் வரியில் ஜெனரிக்கை 'இன்க்ளூட்' செய்து, வேண்டாதவற்றை 'நோடிவைஸ்', 'நோஆப்ஷன்ஸ்' என்று கழிப்பது நல்லது. அடுத்த பதிப்பில் ஜெனரிக் மாறினாலும் உங்கள் கோப்பு பிழைத்துக்கொள்ளும். எழுத்துப் பிழையை 'கான்ஃபிக்' நிரல் உடனே சொல்லிவிடும். சார்பை அது அவ்வளவாகக் கவனிக்காது: 'எம்ஐஐபஸ்' வரியை நீக்கிவிட்டு, அதை நம்பியிருக்கும் நெட்வொர்க் டிரைவரை விட்டுவைத்தால், இணைப்புக் கட்டத்தில்தான் தெரியும்.

ஒரு அமைவு வேலை செய்கிறது, இன்னொன்று செய்யவில்லை. இரண்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான வித்தியாசங்கள். எந்தத் தெரிவு குற்றவாளி?

'ஸ்கிரிப்ட்ஸ்/டிஃப்கான்ஃபிக்' இரண்டு அமைவுகளையும் ஒப்பிட்டு, வித்தியாசங்களை மட்டும் வரிசையாகக் காட்டும். முதலில் அதைக் கண்ணால் ஓட்டுங்கள். பாதி நேரம் அங்கேயே பிடிபட்டுவிடும். பிடிபடவில்லை என்றால், வேலை செய்யும் அமைவில் வித்தியாசங்களின் ஒரு பாதியை மட்டும் சேர்த்து, 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்துத் தொகுத்துப் பாருங்கள். உடைந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், உடையாவிட்டால் மறுபாதியில். 256 வித்தியாசங்கள் இருந்தாலும் எட்டுச் சுற்றுகளில் ஒன்றுக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் சேர்த்தது உண்மையிலேயே கோப்பில் நின்றதா என்று 'கிரெப்' போட்டுப் பாருங்கள். சார்புகளால் சில உதிர்ந்திருந்தால், நீங்கள் சோதித்தது நீங்கள் நினைத்த பாதியை அல்ல.